நான்காவது பெயர்

ஃபாரோ தீவுகளில் கோடை விழா என்றால்
எங்கள் பாட்டுக்குத்தான் ஊரே குதிக்கும்,
ஒரு கையில் பீர், மறு கையில் யாருடைய தோளோ.
ஏழு பேரோடு போன படகு. ஏழு பெயர்.
பெயருக்கு ஒரு கைதட்டல்.
அக்கார்டியன் என்னுடையது.
அந்தத் துள்ளலைக் கண்டுபிடித்தவளும் நான்தான்,
மறுக்கவில்லை.
வங்கி விளம்பரத்துக்கு விற்று
வேன் வாங்கினோம்.

எட்டாவது கோடையில்,
மேடைக்குப் பின்னால் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது
மழைக்கோட்டில் ஒரு பெண் வந்து நின்றாள்.
நான்காவது பெயர் என் தம்பி, என்றாள்.
கோபமில்லை. பஸ் நேரம் கேட்கிற குரல்.
"ஏன் இவ்வளவு வேகமாகப் பாடுகிறீர்கள்?"
பதிலுக்கு பேய்னிர்
கையெழுத்திட்ட போஸ்டர் ஒன்றை நீட்டினான்.
வாங்கிக்கொண்டாள். அதுதான்
இன்னும் கூசுகிறது.

டிசம்பரில் வாகுர் துறைமுகத்தில்
பழைய மீன் குளிர்கிடங்கை வாடகைக்குப் பிடித்தோம்.
கழுவக் கழுவக் கவிச்சி.
மூன்று மணிக்கே இருட்டு.
பேய்னிர் கிட்டாரின் சுருதியை இறக்கிக்கொண்டே போனான்,
தந்தி துணிக்கொடியாய்த் தொய்யும்வரை.
தட்டினால் சுரம் வரவில்லை,
படகின் அடிப்பலகையில் எதுவோ உரசுவது வந்தது.
இதுதான், என்றான்.
இது இல்லை, என்றாள் ரன்வா.
பிறகு மூன்று நாள் பேசவில்லை.

எங்கள் வட்ட நடனத்துக்கு வாத்தியம் கிடையாது.
கைகோர்த்து, இடப்பக்கம் இரண்டடி, வலப்பக்கம் ஓரடி,
பலகையில் விழும் காலே தாளம்.
ஹ்யால்டி தன் டிரம்ஸை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடினான்.
பலகை விரித்து, ரப்பர் பூட்ஸோடு
நான்கு பேரும் மிதித்தோம்.
காலத்தைக் குறைத்துச் சவுக்கத்தில் மிதித்தால்
அது நடனமே இல்லை.
இரண்டடி போய் ஓரடி திரும்புவது
கனமான எதையோ நாலு பேர் தூக்கிப் போகிற நடை.
எதை என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குத்தான் வேலையில்லை.
கட்டைகளில் விரல் வைத்ததுமே துள்ளல் வந்துவிடுகிறது,
கையோடு பிறந்த வியாதி.
"கட்டையைத் தொடாதே. துருத்தியை மட்டும் இழு."
நான்காம் நாள் ரன்வாவின் முதல் வார்த்தை.
இழுத்தேன்.
சுரமில்லாத வெறும் மூச்சு,
பதினொரு நிமிஷம்.
கேட்டுப் பார்த்த ஹ்யால்டி வெளியே போய்
கொட்டுகிற மழையில் வேனைக் கழுவினான்.

ஆல்பம் வந்தது. அட்டை முழுக்கக் கறுப்பு,
பெயரும் கறுப்பில்; தடவினால்தான் தெரியும்.
வானொலியில் ஒரே ஒருமுறை, இரவு பதினொன்றுக்கு.
மூன்று கல்யாணக் கச்சேரி ரத்து.
எல்லோரும் நலம்தானே என்று
வங்கி மேலாளர் கடிதம் போட்டார்.
ரொட்டிக் கடையில் ஒருவர் என்னை மறித்து,
இது இசையா இல்லை ஜெனரேட்டரா, என்றார்.
பாதி சரிதான். மூன்றாம் பாட்டில் கேட்பது
கிடங்கின் ஜெனரேட்டரேதான்.
நிறுத்த மறந்துவிட்டோம்.

வெளியீட்டு இரவு. பள்ளிக்கூட ஹால்,
நூற்றுச்சொச்சம் நாற்காலி.
யாரும் குதிக்கவில்லை, யாரும் தட்டவில்லை.
கடைசி வரிசையில் அந்த மழைக்கோட்டு.
முதல் பெயர். பலகையில் எட்டுக் கால்கள்.
இரண்டாவது.
ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவே
தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும்.
மூன்றாவது முடியும்போது
அவள் எழுந்து போனாள்.
கதவைச் சாத்தவில்லை.
கார் கிளம்புகிற சத்தம்.
ரன்வா என்னைப் பார்த்தாள், பாடவா என்பதுபோல.
துருத்தியை இழுத்தேன்.
பாடினாள், நான்காவதை.

திறந்த கதவு வழியே
நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது,
ஏழும் முடிகிறவரை,
அதற்கப்புறமும் கொஞ்சம்.
பிறகு கியர் விழுந்தது.